ராத்திரி 132, காலையில் 171: நடுவில் நடந்தது என்ன?

[திரையில்: இருட்டான அறை. குளுக்கோமீட்டரில் 132.]

ராத்திரி பதினோரு மணி, படுக்கப் போகும்போது சுகர் 132. அதற்கப்புறம் ஒரு வாய் தண்ணீர் தவிர எதுவும் உள்ளே போகவில்லை. காலை ஏழு மணிக்கு விரலைக் குத்திப் பார்த்தால் 171. உடனே வீட்டில் விசாரணை ஆரம்பித்துவிடும்: "தெரியாமல் எதையாவது தின்றீர்களா?"

டைப் 2 சர்க்கரை நோய் உள்ள பலருக்கும் இது பழகிப்போன குற்றச்சாட்டு. பெரும்பாலும் குற்றவாளி சமையலறையில் இல்லை, வயிற்றின் வலது மேல்பக்கத்தில் இருக்கிறது.

[திரையில்: கல்லீரலின் படம்.]

நாம் தூங்கினாலும் மூளைக்குக் குளுக்கோஸ் வேண்டும். அதற்காகக் கல்லீரல் தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையை உடைத்தும், புதிதாகத் தயாரித்தும், கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு மேல் கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் ஏறும்போது இந்த வரத்து கூடுகிறது. இது எல்லோருக்கும் நடப்பதுதான். சர்க்கரை நோய் இல்லாதவருக்குக் கணையம் இன்சுலினைச் சற்றுக் கூட்டிச் சமாளித்துவிடும். டைப் 2-வில் இன்சுலின் போதாது. இருக்கிற இன்சுலின் "போதும், நிறுத்து" என்றாலும் கல்லீரல் சரியாகக் காதில் வாங்குவதில்லை. இதற்கு 'டான் பினாமினன்' என்று பெயர், விடியல் நேர ஏற்றம்.

சரி, உங்களுக்கும் இதுதானா? ஒரே ஒரு காலை அளவை வைத்துச் சொல்ல முடியாது. நான்கைந்து நாள், படுக்கும் முன் ஒன்று, அலாரம் வைத்து மூன்று மணிக்கு ஒன்று, எழுந்ததும் ஒன்று எனப் பாருங்கள்.

[திரையில்: நோட்டுப் புத்தகத்தில் மூன்று எண்கள்: 132, 128, 171.]

இப்படி மூன்று மணி வரை சமமாக இருந்து பிறகு ஏறினால், விடியல் ஏற்றம். படுக்கும்போதே 200 இருந்து காலையிலும் அதே இடத்தில் நின்றால், பிரச்சினை இரவுச் சாப்பாட்டின் நேரத்திலோ அளவிலோ இருக்கலாம்.

மூன்று மணிக்கு 70-க்குக் கீழே போயிருந்தால்? இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் மாத்திரையோ எடுப்பவர்களுக்கு இது நடக்கலாம். எண்ணைக் குறித்துவிட்டுத் திரும்பப் படுக்காதீர்கள். 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பிறகு மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். இரவில் சுகர் இறங்கினால் அதன் எதிர்வினையாகக் காலையில் எகிறும் என்று ஒரு பழைய விளக்கம் உண்டு, 'சோமோகி விளைவு' என்பார்கள். இரவு முழுக்க அளக்கும் சென்சார்கள் வந்த பிறகு அந்த விளக்கம் ஆட்டம் கண்டிருக்கிறது. இரவில் இறங்கியவர்களுக்குப் பெரும்பாலும் காலையிலும் குறைவாகவே இருக்கிறது.

[திரையில்: பழம் உரித்த விரல், அதில் ஒரு துளி ரத்தம்.]

இன்னொன்று, கை. பழம் உரித்த விரலைக் கழுவாமல் குத்தினால், தோலில் ஒட்டியிருக்கும் சர்க்கரையும் ரத்தத் துளியில் கலந்து எண்ணை எகிறவைக்கும். சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். மீட்டருக்கும் கொஞ்சம் சலுகை கொடுக்க வேண்டும்: உண்மை அளவு 150 என்றால், அது 130 காட்டினாலும் 170 காட்டினாலும் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பின் விதிக்கு உட்பட்டதுதான். நேற்றைவிட இன்று எட்டு கூடிவிட்டதே என்று காலைப் பொழுதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கர்ப்பிணிகள் அல்லாத பெரியவர்கள் பலருக்கு, சாப்பிடும் முன் 80 முதல் 130 வரை என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் இலக்கு. வயதையும் மற்ற நோய்களையும் பொறுத்து உங்கள் இலக்கு மாறும்.

குறைக்க என்ன செய்யலாம்? இரவுச் சாப்பாட்டை முன்னே தள்ளி, மாவுச்சத்தைக் குறைத்து, சாப்பிட்டதும் பதினைந்து நிமிடம் நடக்கலாம். தூக்கம் கெட்டாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. பலத்த குறட்டை இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். காலையில் அளவு கூடியிருக்கிறதே என்று சாப்பாட்டைத் தவிர்ப்பது பலர் செய்யும் தவறு. வயிறு காலியாக இருக்கும்வரை கல்லீரல் வரத்தை நிறுத்தாது. பட்டினி கிடந்தும் எண் ஏறுவதைப் பார்த்துக் குழம்புவீர்கள்.

இவ்வளவு செய்தும் விடியல் ஏற்றம் சிலருக்கு அடங்காது. அப்போது மருந்துதான் வழி. மெட்ஃபார்மின் முக்கியமாகக் கல்லீரலின் குளுக்கோஸ் தயாரிப்பைத்தான் குறைக்கிறது. ஆனால் அளவையோ நேரத்தையோ நீங்களாக மாற்ற வேண்டாம். அந்த நோட்டில் மூன்று எண்களுக்குப் பக்கத்தில் இரவு சாப்பிட்ட நேரத்தையும், மருந்து எடுத்த நேரத்தையும் எழுதி, அடுத்த முறை மருத்துவரிடம் அந்தப் பக்கத்தைத் திறந்து வையுங்கள்.