வாத்தியார் போட்ட பிறந்தநாள்

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

அப்பாவைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள், சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போய்த் தாளை எடுத்து, 'என் அப்பா ரங்கூனில் பிறந்தார்' என்று எழுதினேன். அடுத்து தேதி எழுத வேண்டும். அங்கே நின்ற பேனா அன்று ராத்திரி முழுக்க நகரவில்லை. ஆகவே இன்றைய பேச்சு பெரும்பாலும் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பள்ளிச் சான்றிதழ்படி அப்பா பிறந்தது 1-6-1937. இங்கே தலை நரைத்த சிலர் சிரிக்கிறீர்கள். உங்களில் எத்தனை பேருக்கு மே, ஜூனில் பிறந்தநாள் வருகிறது? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். பார்த்தீர்களா, பாதி அரங்கம்! பிள்ளைகளெல்லாம் கோடையில்தான் பிறப்போம் என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வந்த மாதிரி.

இளைஞர்களுக்காக இதை விளக்கிவிடுகிறேன். பிறப்பு, இறப்புப் பதிவுக்கு நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது 1969இல். அதற்குப் பின்னும் பல காலம் கிராமத்தில் சான்றிதழ் வாங்கியவர்கள் குறைவு. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். வாத்தியார், "வலது கையைத் தலைக்கு மேலே சுத்தி இடது காதைத் தொடு" என்பார். விரல் காதில் பட்டால் அஞ்சு வயது. படவில்லையென்றால் சில தாய்மார் பிள்ளையின் தலையைக் கொஞ்சம் சாய்த்துவிடுவார்கள். அதையும் பார்த்தும் பார்க்காதது மாதிரி வாத்தியார் பதிவேட்டில் ஒரு தேதி போடுவார். ஜூனில் அஞ்சு வயது முடிந்திருக்க வேண்டும் என்பதால் அந்தத் தேதி மே மாதத்திலோ ஜூன் ஒன்றாம் தேதியிலோ வந்து விழும்.

என் அப்பா அப்படித் தேதி போட்ட வாத்தியார். 1958இலிருந்து 1995 வரை தொடக்கப்பள்ளி ஆசிரியர், கடைசிப் பத்து வருஷம் தலைமையாசிரியர். சிவகங்கைப் பக்கத்தில் ஐந்தாறு ஊர்களில் அவர் 'பிறக்கவைத்த' பிள்ளைகள் இன்றைக்குப் பேரன் பேத்தி எடுத்திருக்கிறார்கள்.

ஆனால் அப்பாவுக்குப் பொய்த் தேதி போடுவதில் ஓர் உறுத்தல் இருந்தது. பதிவேட்டில் சர்க்காருக்கு வேண்டியதை எழுதுவார். அப்புறம் வீட்டில் ஒரு நீள நோட்டில் உண்மையை எழுதிவைப்பார். உண்மையை எப்படிக் கண்டுபிடிப்பார் என்பதுதான் வேடிக்கை. ஒருநாள் நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். 1973 ஜூன் என்று நினைவு. ஓர் அம்மாவிடம் கேட்கிறார்:

"தனுஷ்கோடிப் புயல் அடிச்சப்ப பிள்ளை பிறந்துட்டானா?"

"அப்ப எனக்குக் கல்யாணமே ஆகலை சார்."

"சரி. அண்ணா செத்த அன்னைக்கு?"

"அன்னைக்கு ரேடியோப் பெட்டி முன்னால ஊரே அழுதுச்சு. இவனைப் பாயில போட்டுட்டுப் போனேன். திரும்பி வந்து பாத்தா குப்புறக் கிடக்கான். அதுதான் முதத் தடவை."

அவ்வளவுதான், அப்பா விரலை மடக்கிவிட்டார். அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி 3. பிள்ளை குப்புற விழ நாலு மாசம், நாலரை மாசம். அப்படியானால் புரட்டாசி. நோட்டில் 'கீலக, புரட்டாசி' என்று ஏறியது. பதிவேட்டில் 1-6-1968.

கல்யாணம் பேசும்போது மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் சான்றிதழோடு போய் ஜோசியரிடம் நிற்பார்கள். அவர் தூக்கி எறிந்துவிடுவார். உடனே எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள்: "சார், அந்த நோட்டைக் கொஞ்சம் பாருங்க." ரேஷன் கடைக்குக்கூட அவ்வளவு பேர் போனதில்லை.

அப்பாவின் பெயர் அந்த நோட்டில் முதல் பக்கத்தில் இருக்கிறது. 'வெகுதானிய, கார்த்திகை. மழை. (அம்மா சொன்னது)'. தேதி இல்லை, நட்சத்திரமும் இல்லை. வெகுதானிய என்றால் 1938 ஏப்ரலில் பிறந்த தமிழ் வருஷம். கார்த்திகை என்பதால் நவம்பர், டிசம்பர். ஆகச் சான்றிதழ் அவருக்கு ஒன்றரை வயதைக் கூட்டிவிட்டது. அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றது 1995 மே 31. ஒன்றாம் தேதி பிறந்தவர்களை முந்தின மாதக் கடைசியிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். "ஒன்றரை வருஷச் சம்பளத்தைச் சர்க்காருக்கு மொய் எழுதியவன் நான்" என்பார்.

அறுபதாம் கல்யாணத்தின்போது இது சந்தி சிரித்தது. வெகுதானிய வருஷம் திரும்பி வந்தது 1998இல். கார்த்திகையில் வைத்தோம். பத்திரிகையைப் பார்த்துவிட்டு அவரோடு வேலை பார்த்த ஒருவர், "சார், உங்களுக்கு அறுபது போன வருஷமே முடிஞ்சிருச்சே? அரியரா?" என்று கேட்டார். ஐயர் நட்சத்திரம் கேட்டபோது பெயரின் முதல் எழுத்தை வைத்து ஒன்றைச் சொல்லிச் சமாளித்தோம்.

ஜாதகம் என்ன ஆயிற்று? அதற்குப் பர்மா போக வேண்டும்.

அப்பாவின் அப்பாவை நாங்கள் ஐயா என்போம். ரங்கூனில் மொகல் தெருவில் செட்டியார்கள் தங்கித் தொழில் நடத்தும் கிட்டங்கி ஒன்றில் அவர் சமையல்காரர். செட்டிமார் பெரும்பாலும் வீட்டுப் பெண்களை அக்கரைக்குக் கூட்டிப் போகமாட்டார்கள். கணக்கு முடிந்து ஊர் திரும்பும்வரை தனிக்கட்டைதான். ஐயாவுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அப்பத்தாவையும் அத்தையையும் அழைத்துப் போய்விட்டார். அப்போது பர்மா இந்தியாவோடு சேர்ந்த மாகாணம். 1937 ஏப்ரலில்தான் தனியாகப் பிரித்தார்கள். ரங்கூன் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள் இருந்த காலம் அது.

1941 டிசம்பர் 23. ஜப்பான் விமானங்கள் ரங்கூன் மேல் குண்டு போட்டன. பதுங்க வேண்டும் என்று தெரியாமல் ஜனங்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ஆயிரக்கணக்கில் செத்தார்கள். இதை அப்பா வகுப்பில் வருஷாவருஷம் சொல்வார். 'நான் பார்த்தேன்' என்றுதான் சொல்வார். வெள்ளிப் பறவைகள் மாதிரி வந்தன என்று கையைத் தூக்கிக் காட்டுவார். அதன் பிறகு நடந்தே இந்தியா வந்த கதை. நாங்களும் சளைக்காமல் கேட்போம்.

அப்பா போன பிறகுதான் எனக்குக் கணக்குப் போடத் தோன்றியது. அன்றைக்கு அவருக்கு மூன்று வயதும் ஏதோ சில வாரங்களும். மூன்று, மூன்றரை வயதுக்கு முந்திய எதுவும் வளர்ந்த பிறகு அநேகமாக நினைவில் நிற்பதில்லை என்கிறார்கள் உளவியல் படித்தவர்கள். நேரே அத்தையிடம் போனேன். அத்தை அப்பாவுக்கு அஞ்சு வயது மூத்தவள். எண்பத்தைந்தைத் தாண்டியும் வெற்றிலையைத் தானே இடித்துப் போட்டுக்கொள்கிறவள்.

"அவன் பாத்தானா? அன்னைக்குக் காய்ச்சல்ல சுருண்டு கிடந்தான்டா. பாத்தது நானும் அம்மாவும்."

"நடந்து வந்தது?"

"அவன் எங்க நடந்தான்? ஐயா தோள்லயும் அம்மா இடுப்புலயும் வந்தான். நடந்தது நான்."

சொல்லிவிட்டுப் பாதத்தை நீட்டிக் காட்டினாள். வலது குதிகாலில் ஒரு பழைய பள்ளம். அட்டை கடித்துப் புண்ணாகி ஆறியது. எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் அதை யாரும் கேட்டதில்லை. கதை சொல்கிற உரிமை வாத்தியாருக்குப் போய்விட்டது, அவ்வளவுதான்.

அத்தைக்கு ஊர்ப் பெயர்கள் தெரியாது. 'ரயில்', 'பெரிய ஆறு', 'படகு', 'மலை', 'டீத்தோட்டத்துத் துரை ஊத்துன கஞ்சி' என்று சொன்னாள். நான் வரைபடத்தை வைத்துப் பெயர்களை ஒட்டினேன். மாண்டலே வரை ரயில். பெரிய ஆறு என்றது பர்மாவின் சிண்ட்வின் ஆறு. கலேவாவில் இறங்கி, மலேரியாவுக்குப் பெயர்போன கபாவ் பள்ளத்தாக்கு வழியாக டாமு. அங்கிருந்து மலை ஏறி இறங்கி பாலேல், இம்பால், திமாப்பூர் ரயிலடி. அந்தப் பாதையில் தேயிலைத் தோட்டக்காரர்களின் சங்கம் நிவாரண முகாம்கள் நடத்தியது. கஞ்சி அங்கே ஊற்றியதுதான். அந்த 1942இல் நாலு, அஞ்சு லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள். காலராவிலும் பட்டினியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பல்லாயிரம். ஐரோப்பியர்களுக்கு நல்ல பாதை, இந்தியர்களுக்கு வேறு பாதை என்று பிரித்ததும் நடந்தது. தை மாசம் கிளம்பியவர்கள் ஊர் வந்து சேர்ந்தபோது சித்திரை.

வழியில் ஒவ்வொன்றாகச் சுமையை விட்டார்கள். முதலில் பித்தளை அண்டா, அப்புறம் மரப்பெட்டி. ஜாதக நோட்டை அப்பத்தா மடியிலேயே வைத்திருந்தாளாம். மலையில் ஒரு ராத்திரி ஈர விறகு பற்றவே இல்லை. பிள்ளை பசியில் கத்துகிறான். நோட்டைக் கிழித்து அடுப்புப் பற்றவைத்தாள். அப்பாவின் பிறந்த தேதி அவருக்கே கஞ்சியாகக் காய்ந்துவிட்டது.

அடுத்த வருஷம் ஜூனில் பள்ளிக்கூடம் கூட்டிப் போனார்கள். நாலரை வயது. விரல் காதில் படவில்லை. ஆனால் அந்த வாத்தியார், "பர்மாவுல இருந்து நடந்து வந்த பிள்ளையா! ரெண்டாம் வகுப்புலயே உக்காரட்டும்" என்று ஆறு வயதாகக் கணக்கிட்டு 1-6-1937 போட்டாராம். நடக்காத நடைக்குக் கிடைத்த பிறந்தநாள்.

சரி, நோட்டில் பாக்கி இருப்பது 'மழை' என்ற ஒரு சொல். அதை வைத்தாவது தேதிக்குக் கிட்டே போகலாமா என்று பார்த்தேன். இங்கேதான் எனக்கு இடித்தது. கார்த்திகையில் மழை நம் ஊருக்குச் சரி. ரங்கூனில் மழை மே தொடங்கி அக்டோபர் வரை. நவம்பர், டிசம்பரில் அநேகமாகக் காய்ந்துதான் கிடக்கும். மறுபடி அத்தையிடம் போனேன். அப்பாவின் பாணியிலேயே கேட்டேன்.

"தூறலா அத்தை, கொட்டுச்சா?"

"கொட்டுச்சு. ஓட்டுல விழுந்த சத்தத்துல பிள்ளை அழுததே கேக்கலை."

ஓட்டிலா? மொகல் தெருவில் குடியிருந்தது நடு மாடி என்றும், மேல்மாடிக்காரர்கள் நடந்தால் தலைக்கு மேலே தட்தட்டென்று கேட்கும் என்றும் இதே அத்தைதான் முந்தின வாரம் சொன்னாள். நடு மாடியில் ஓடு ஏது?

"அத்தை, அப்பா ரங்கூன்லதானே பிறந்தார்?"

அத்தை உரலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"யாருடா சொன்னா? பிரசவத்துக்கு அம்மா கப்பல்ல ஊருக்கு வந்துட்டால்ல. இந்த வீட்டு உள்ளறையிலதான் பிறந்தான். ஆறு மாசம் கழிச்சுத் திரும்பப் போனோம். நீங்க யாரும் கேக்கவே இல்லையே."