நாலு தந்தி, ஒரு கூடம் நிறைய ஆட்கள்

வணக்கம், நேயர்களே. தொழில்முறைக் கலைஞர்களைப் பற்றி வானொலியில் நிறையப் பேசியாகிவிட்டது. இன்று, வேலை முடிந்து வந்து சும்மா ஆசைக்கு வாசிக்கிறவர்களைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். குறிப்பாக, நாலு தந்தி உள்ள சின்ன கிதார் போன்ற யுகுலேலேயை வாசிக்கும் குழுக்கள். கலிஃபோர்னியாவின் சாந்தா குரூஸ் ஊரில் இப்படி ஒரு குழு மாதாமாதம் கூடுகிறது. தேர்வு கிடையாது. வாத்தியத்தை எடுத்துக்கொண்டு போனால் உட்கார்ந்து வாசிக்கலாம்.

இந்த வாத்தியத்துக்கு மட்டும் ஏன் இப்படிக் கூட்டம் சேர்கிறது? விலை ஒரு காரணம். நைலான் தந்தி விரலை அறுக்காது என்பது இன்னொன்று. ஆனால் முக்கியமான காரணம் கார்டுகளில், அதாவது சில சுரங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் கூட்டுகளில் இருக்கிறது. சி கார்டுக்கு ஒரே ஒரு விரல் போதும்: கடைசித் தந்தியை, வாத்தியத்தின் கழுத்தில் குறுக்கே இருக்கும் மூன்றாவது கட்டையில் அழுத்தினால் வந்துவிடும். ஏ மைனருக்கும் ஒரே விரல்தான், இந்தப் பக்கம் முதல் தந்தியில். அந்த விரலை எடுக்காமல் இன்னொன்றைச் சேர்த்தால் எஃப். ஜி ஏழுக்கு மட்டும் மூன்று விரல் வேண்டும், அங்கேதான் எல்லோரும் தடுமாறுவார்கள். சரி, தடுமாறட்டும். பக்கத்தில் இருபது பேர் வாசிக்கும்போது யார் காதில் விழப்போகிறது?

இது பிறந்த கதையும் சாதாரண ஜனங்களின் கதைதான். 1879 ஆகஸ்டில் ராவன்ஸ்கிராக் என்ற கப்பல், போர்ச்சுகலின் மடெய்ரா தீவு மக்களைக் கரும்புத் தோட்ட வேலைக்காக ஹவாயின் ஹொனலூலுவில் கொண்டுவந்து இறக்கியது. அதில் வந்த மூன்று மரவேலைக்காரர்கள், தங்கள் ஊர்ச் சின்ன கிதாரை வைத்து இதை உருவாக்கினார்கள்.

ஆள் சேர்வது சுலபம், தங்கவைப்பதுதான் பாடு. ஒரு வருடம் அதே நாலு கார்டை வாசித்தவர் சலித்துப்போவார். அவருக்காகக் கடினமான பாட்டை எடுத்தால், போன வாரம் சேர்ந்தவர் மூலையில் முழிப்பார். கூட்டம் பெருகப் பெருகத் தாளமும் ஓடத் தொடங்கும். பின்வரிசைக்காரர்கள் ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டு, பாட்டை ஆரம்பித்த வேகத்தைவிட விரைவாக முடிப்பார்கள். சுருதி சேர்ப்பது தனிக் கூத்து. புது நைலான் தந்தி இழுபட்டுக்கொண்டே இருக்கும். ஒருவர் முறுக்கி முடிப்பதற்குள் அடுத்தவருடையது இறங்கிவிடும்.

புதியவரையும் பழகியவரையும் ஒன்றாக வைத்திருக்கும் சிக்கலை அழகாக அவிழ்த்தவர் என்று நான் மதிப்பவர் கனடாவின் சாமர்ஸ் டோன். 1967இல் ஹாலிஃபாக்ஸ் நகரப் பள்ளிகளின் இசைக் கல்விப் பொறுப்புக்கு வந்தவர். அவருக்கு யுகுலேலே, இசையைக் கற்றுக்கொடுக்க ஒரு கருவி, அவ்வளவுதான். பிள்ளைகள் கார்டு போட்டுப் பாடினார்கள். அதோடு நிற்காமல் சுரக்குறிப்பு படித்தார்கள், மெட்டை ஒவ்வொரு சுரமாக வாசித்தார்கள், காதால் கேட்டு அடையாளம் கண்டார்கள். கொஞ்சம் கற்றவனுக்கும் வேலை இருந்தது, நிறையக் கற்றவனுக்கும் இருந்தது. அவருடைய முறை நாடெங்கும் பரவியது. அந்த நாட்டின் மறுகோடியில், லாங்லி என்ற ஊரில், ஒரு பள்ளிப் பிள்ளைகள் குழு வளர்ந்து ஹவாய்க்கே போய் வாசித்தது. அதில் வளர்ந்த ஜேம்ஸ் ஹில் பிற்பாடு டோனுடன் சேர்ந்தே வகுப்பறைப் பாடநூல் எழுதினார்.

பெரியவர்கள் குழுவுக்கும் இது பொருந்தும் என்பது என் கட்சி. எல்லோரும் ஒரே கார்டை ஒரே மாதிரி தட்டிக்கொண்டிருந்தால், நாற்பது பேர் வாசித்தாலும் ஒலி மெலிந்துதான் கேட்கும். பாதிப் பேர் கார்டு பிடிக்கட்டும், நாலைந்து பேர் மெட்டை எடுக்கட்டும், ஒருவர் பாஸ் யுகுலேலேயில் அடிச்சுரத்தைத் தாங்கட்டும். புதிதாக வந்தவரிடம் ஜி ஏழு வரும் இடத்தில் கையை நிறுத்திவிட்டுப் பாட மட்டும் சொல்லுங்கள். அப்புறம் அடுத்த வாரமும் வருவார்.