நஷ்டத் தெருவை மூட முடியுமா?

நடுவர் அவர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, எதிரணி நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பெருநகர மேயர் நாற்காலிக்கு வங்கி, முதலீடு போன்ற நிதித் தொழிலில் தலைமை வகித்த ஒருவர் பொருத்தமானவரா என்பது இன்றைய கேள்வி. பொருத்தமில்லை என்று சொல்ல வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் நியூயார்க் நகரத்தை எடுத்துக்கொண்டு பேசினார். 80 லட்சத்துக்கு மேல் மக்கள், ஏறக்குறைய மூன்று லட்சம் ஊழியர்கள், ஆண்டுக்கு 10,000 கோடி டாலருக்கு மேல் பட்ஜெட். இதைப் பணம் தெரிந்தவரிடம் கொடுக்காமல் வேறு யாரிடம் கொடுப்பது என்று கேட்டார். சரி, அந்த ஊரையே நானும் எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்க நிதிச் சந்தையின் மையமான வால் ஸ்ட்ரீட் இருக்கும் ஊரிலேயே அவர் வாதம் நிற்கவில்லை என்றால் வேறு எந்த ஊரில் நிற்கும்?

2021-ஆம் ஆண்டு. அங்கே மேயர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஜனநாயகக் கட்சிக்குள் போட்டி. சிட்டிகுரூப் வங்கியின் துணைத் தலைவராக இருந்த ரே மெக்வைர் களத்தில் இறங்கினார். அவரைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஒஹையோவின் டேட்டன் நகரில் தாய் தனியாக உழைத்து வளர்த்த பிள்ளை, ஹார்வர்டில் மூன்று பட்டம் வாங்கியவர். பெரிய பெரிய நிறுவனங்கள் ஒன்றை ஒன்று வாங்கும்போது, இது என்ன விலை பெறும் என்று சொல்வதே அவர் தொழில். அவரிடம் நியூயார்க் டைம்ஸ் ஆசிரியர் குழு ஒரு கேள்வி கேட்டது: நகரத்தின் ஒரு பகுதியான புரூக்ளினில் நடுத்தரமான ஒரு வீடு என்ன விலை போகிறது? எண்பதாயிரம், தொண்ணூறாயிரம் டாலர் இருக்கும், அதற்கு மேலும் இருக்கலாம் என்றார். உண்மையான விலை ஒன்பது லட்சம் டாலர்.

நடுவர் அவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இருபது சதவீதம் முன்பணம் கட்டி வீடு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். அவர் சொன்ன விலைக்கு 18,000 டாலர் போதும். ஒரு பேருந்து ஓட்டுநரும் ஒரு செவிலியரும் குடும்பம் நடத்தினால், வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி நாலைந்து வருடத்தில் சேர்த்துவிடலாம். ஒன்பது லட்சத்துக்கு வேண்டிய முன்பணம் 1,80,000 டாலர். அதைச் சேர்ப்பதற்குள் பிள்ளைகள் வளர்ந்து கல்யாண வயதுக்கு வந்துவிடுவார்கள். முதல் கணக்கு உண்மையென்றால் அந்த ஊரில் வீட்டுப் பிரச்சினை என்று ஒன்றே கிடையாது. இரண்டாவது கணக்குதான் உண்மை என்பதால் ஜனங்களில் பலர் வாடகையில் பாதிச் சம்பளத்தைக் கரைக்கிறார்கள். ஒரு சைபர் விட்டுப்போனால் அந்த ஊரின் முக்கால்வாசி வலியும் சேர்ந்தே விட்டுப்போகிறது.

மெக்வைர் பிறகு தவறை ஒப்புக்கொண்டார். எதிரணி நண்பர் கேட்பார்: அதே கேள்விக்கு, நாட்டின் வீட்டுவசதித் துறைச் செயலாளராக இருந்த ஷான் டோனவனும் ஒரு லட்சம் என்றுதானே சொன்னார், அவர் வங்கிக்காரரா? உண்மைதான். உயரமான இடத்திலிருந்து ஊரைப் பார்த்தால் அரசாங்க மேசையிலிருந்தும் கண் தவறும் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதிரணியின் வாதமே இவர்களுக்கு எண்கள் தெரியும் என்பதுதானே? ஊர் ஜனங்களின் தூக்கத்தைக் கெடுக்கும் எண் எதுவோ அதுவே தெரியவில்லை. வேட்பாளர்களை விருப்ப வரிசையில் குறிக்கும் அந்தத் தேர்தலில் மெக்வைரை முதல் தேர்வாகக் குறித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை.

தனி மனிதரை விட்டுவிடுவோம், அந்தத் தொழில் சொல்லித்தருவதைப் பார்ப்போம். ஒரு நிதி நிர்வாகியின் பெரிய திறமை எது? எதில் பணம் போட வேண்டும் என்பதைவிட, எதிலிருந்து எப்போது வெளியே வர வேண்டும் என்று தெரிவது. ஒரு கிளை நஷ்டத்தில் ஓடினால் மூடலாம், ஒரு பிரிவு சரியில்லை என்றால் விற்கலாம். அதைத் துணிந்து செய்பவரைப் பங்குதாரர்கள் கொண்டாடுவார்கள், கொண்டாடவும் வேண்டும். அப்புறம் அவரை மேயர் நாற்காலியில் உட்கார வைக்கிறீர்கள். அதே நகரத்தின் பிராங்ஸ் பகுதியில் ஒரு தெரு. அங்கிருந்து வரும் வரி கொஞ்சம். பள்ளி, குப்பை, தீயணைப்பு, ஆம்புலன்ஸ் என்று போகும் செலவு அதிகம். நஷ்டத் தெரு. அதை மூட முடியுமா? விற்க முடியுமா? அந்த வீட்டுப் பாட்டிக்கு நோட்டீஸ் கொடுத்து அனுப்ப முடியுமா? முப்பது வருடப் பழக்கம் வெளியே வா என்று சொல்லும். மேயர் வேலையோ அந்தத் தெருவை விட்டு ஒருநாளும் வெளியே வர முடியாத வேலை.

மைக்கேல் புளூம்பெர்க் பெயரைச் சொல்லி எதிரணி கைதட்டல் வாங்கினார்கள். சாலமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கியில் பங்குதாரராக இருந்து, சொந்த நிறுவனம் கட்டி, 2002 முதல் 2013 வரை மூன்று முறை மேயராக இருந்தவர். அவர் நல்லது செய்தார். எந்தக் குறைக்கும் 311 என்ற தொலைபேசி எண்ணை அழைக்கலாம் என்று 2003-இல் கொண்டுவந்தார். அதை எதிரணிக்கே கொடுத்துவிடுகிறேன், அது வணிகத்திலிருந்து வந்த யோசனைதான். ஆனால் மற்ற பெரிய காரியங்களைப் பாருங்கள். இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு கஜானாவில் துண்டு விழுந்தபோது சொத்துவரியை 18.5 சதவீதம் ஏற்றினார். உணவகங்களிலும் மதுக்கூடங்களிலும் புகைப்பதைத் தடுத்தார். இரண்டுக்கும் தேவைப்பட்டது ஜனங்களின் கோபத்தைத் தாங்கும் நெஞ்சுரம். அது அரசியல்வாதியின் குணம். அந்தக் குணத்தை நான் மனதார வணங்குகிறேன்.

அந்தப் பழைய தொழில் எங்கே எட்டிப் பார்த்தது என்றால், 2003-இல் நியூயார்க்கை உயர்விலைப் பொருள், ஆடம்பரப் பொருள் என்றே சொல்லலாம் என்று அவர் பேசினாரே, அங்கே. ஆடம்பரப் பொருளுக்கு வாடிக்கையாளர் உண்டு, வாங்க முடியாதவர் கடைப்பக்கம் வரவே வேண்டாம். ஊருக்கு அப்படி ஒரு வாசல் கிடையாது. அப்புறம் 2010 டிசம்பர் 26. பனிப்புயலில் சென்ட்ரல் பார்க்கில் 20 அங்குலம் பனி. புரூக்ளினிலும் குயின்ஸிலும் பல தெருக்களில் நாள்கணக்கில் பனி அள்ளும் வண்டி வரவில்லை. பேருந்துகள் நட்ட நடுவே நின்றன, ஆம்புலன்ஸ்கள் சிக்கிக்கொண்டன. மேயர் முதலில் பேசியபோது, உலகம் ஒன்றும் முடிந்துவிடவில்லை, பிராட்வே நாடக அரங்குகள் நேற்றிரவு நிறைந்திருந்தன என்றார். அவர் பொய் சொல்லவில்லை. மன்ஹாட்டனின் நடுவில் அரங்கு நிறைந்துதான் இருந்தது. குயின்ஸில் வாசல் கதவைத் திறக்க முடியாமல் உள்ளே இருந்தவர் அந்தக் கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான். பிறகு குறையை ஒப்புக்கொண்டார்.

அதே குளிர்காலத்தில் 11 லட்சம் பிள்ளைகள் படிக்கும் பள்ளித் துறைக்கு, பத்திரிகை நிறுவன நிர்வாகியான கேத்தி பிளாக்கைத் தலைவராக்கினார். கல்வித் துறை அனுபவம் அவருக்கு இல்லை. நல்ல நிர்வாகி எதையும் நிர்வகிப்பார் என்ற நம்பிக்கை. மூன்று மாதத்தில் அவர் விலக வேண்டியதாயிற்று. கணக்காவது சுத்தமாக இருக்கும் என்பார்கள். ஊழியர்களின் வேலைநேரத்தைப் பதிவுசெய்யும் ஒரு கணினித் திட்டம் 6.3 கோடி டாலர் என்று அவருக்கு முன்பே தொடங்கியது. அவர் காலத்தில் 70 கோடியை எட்டியது, உள்ளே மோசடியும் நடந்திருந்தது.

எனக்கு எல்லாவற்றையும்விட உறுத்துவது 2008. மேயர் இரண்டு முறைக்கு மேல் இருக்கக் கூடாது என்று அந்த ஊர் மக்கள் 1993-இலும் 1996-இலும் நேராக வாக்களித்துச் சொல்லியிருந்தார்கள். நிதி நெருக்கடி வந்ததும், இந்த நேரத்துக்கு நிதி தெரிந்த நான் வேண்டும் என்றார் அவர். மக்களைத் திரும்பக் கேட்காமலே நகரமன்றத்தில் 29-க்கு 22 என்ற வாக்கில் விதியை மாற்றினார்கள். நடுவர் அவர்களே, இன்று எதிரணி பேசுவதும் அதே வாதம்தான். நிதி தெரிந்தவர் என்ற ஒரே தகுதி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை.

அப்படியானால் பணம் தெரிந்தவரே ஊருக்கு வேண்டாமா? வேண்டும், கட்டாயம் வேண்டும். எந்த இடத்தில் என்பதே என் வழக்கு. 1973-இல் கணக்கர் ஏப் பீம் மேயர் தேர்தலில் நின்றார். காசு தெரியாதவனுக்கு இந்த வேலை தெரியாது, ஏப்புக்குக் காசு தெரியும் என்பதுதான் அவருடைய பிரசாரம். அதற்கு முன் நகரத்தின் கணக்குத் துறையையே நடத்தியவர். 1975-இல் அவர் கையிலேயே நகரம் திவாலின் வாசலுக்கு வந்தது. நகரத்தின் கடன் பத்திரங்களை வங்கிகள் இனி விற்க மாட்டோம் என்று கையை விரித்தன. அப்போது லாசார்ட் வங்கியின் ஃபீலிக்ஸ் ரோஹட்டின் வந்தார். மீட்புத் திட்டம் வகுத்தார், புதிய கடன் பத்திரங்களுக்கு வழி செய்தார். அவர் மேயராகவில்லை. மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கைச் சொன்னார்.

அக்டோபர் 17, வெள்ளிக்கிழமை. அன்று மாலைக்குள் 45.3 கோடி டாலர் கட்ட வேண்டும், கையில் பணம் இல்லை. கட்ட முடியவில்லை என்ற அறிக்கையை மேயர் தயாராக எழுதி வைத்திருந்தார். ரோஹட்டினின் திட்டம் முழுசாக இருந்தது, பத்திரம் வாங்கத்தான் ஆள் இல்லை. ஆசிரியர் சங்கத் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர் ஓய்வூதிய நிதியிலிருந்து அந்தப் பத்திரங்களை வாங்க முதலில் மறுத்திருந்தார். அது பள்ளிக்கூட வாத்தியார்களின் கடைசிக் காலத்துப் பணம். இரவெல்லாம் அவரிடம் ஆள் மாற்றி ஆள் பேசினார்கள், கெஞ்சினார்கள். பிற்பகலில் அவர் சரி என்றார். 15 கோடி டாலர் வந்தது, நகரம் தப்பியது.

நடுவர் அவர்களே, அப்படி ஓர் இரவில் பேசிச் சம்மதிக்க வைக்க யாரால் முடியுமோ அவருக்காகத்தான் நான் வாக்குக் கேட்கிறேன். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.