பந்திக்கு முந்தினவன் மேல என்னங்க தப்பு?

வணக்கம் மக்களே. இன்னைக்கு கையில கால்குலேட்டர். அப்ப சினிமாக் கதைக்குக் கணக்குப் போடுற வீடியோன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

ஒரு வாரமா ரீல்ஸைத் திறந்தாலே 'தி பிளாட்ஃபார்ம்' கிளிப்புதான். மேல் மாடிக்காரன் அள்ளித் திங்கிறான், கீழ இருக்கவன் பட்டினி, பின்னாடி சோக மியூசிக், "மனுஷ புத்தியே இம்புட்டுத்தான்". எரிச்சலா வருது! 2019 ஸ்பானிஷ் படம். கதையைப் போட்டு உடைக்கப் போறேன், பார்க்காதவங்க அங்கிட்டுப் போயிருங்க.

அடுக்கடுக்கா மாடி வச்ச ஒரு ஜெயில், நடுவுல குழி, உச்சியில இருக்கதுதான் 1-ஆம் மாடி. மாடிக்கு ரெண்டு பேரு. சாப்பாட்டு மேடை மேல இருந்து இறங்கி, மாடிக்கு ரெண்டு நிமிஷம் நிக்கும். ஒரு ஆப்பிளை எடுத்து வச்சுக்கிட்டாக்கூட அறை கொதிக்கும், இல்ல உறையும். மாசம் ஒருக்கா மயக்கி, வேற மாடியில கொண்டு போய்ப் போட்டுருவாங்க. நாளைக்குன்னு சேர்க்க முடியாது, அடுத்த மாசம் எங்கன்னு தெரியாது. அப்ப 6-ஆம் மாடிக்காரன் முட்ட முட்டத் திங்காம என்ன செய்வான்?

நம்மகிட்டயும் 'பந்திக்கு முந்து' இருக்குல்ல. ஆனா பந்தியில கரண்டி பரிமாறுறவர் கையில. கடைசி இலைக்கும் வெஞ்சனம் வரணும்னு முதல் இலையிலயே அளந்துதான் வைப்பாரு. அந்தக் குழியில பரிமாற ஆளே கிடையாது. கடைசியில ரெண்டு பேரு மேடையில ஏறி அந்த வேலையைப் பார்க்குறாங்க, கரண்டிக்குப் பதிலா இரும்புக் கம்பியோட. முதல் 50 மாடிக்கு இன்னைக்கு சோறு கிடையாதுன்றாங்க.

அய்யோ, இமோகிரியை விட்டுட்டேன்! நிர்வாகத்துல வேலை பார்த்த அம்மா. ஆளுக்கு அளவாத் தின்னா எல்லாருக்கும் போதும்னு கெஞ்சும். மொத்தம் 200 மாடின்னு நம்பிருக்கு. அடுத்த மாசம் ஹீரோ முழிக்கிறது 202-ல. மொத்தம் 333! பிரியாணின்னே வைங்க, தலைக்கு 100 கிராம் அரிசி. 400 பேருக்கு 40 கிலோ, 666 பேருக்கு 66.6 கிலோ. 26.6 கிலோ துண்டு விழுது. எந்த மாஸ்டரும் அடுப்பு மூட்டுறதுக்கு முன்னாடி கேக்குறது எத்தனை தலைன்னுதான். அதையே மறைச்சுட்டு, தின்னவனைப் பேராசைக்காரன்னா எப்படி? நிக்கிற நேரம் மட்டுமே 666 நிமிஷம், 11 மணி 6 நிமிஷம். மதுரை வெயிலுக்கு சாம்பார் ஊசியே போயிரும்.

விலையைப் பார்க்கணும்னா 'இன் டைம்', 2011. காசுக்குப் பதிலா ஆயுசு. 25 வயசோட வளர்ச்சி நிக்கும், அப்புறம் கையில ஒரு வருஷம்தான். காப்பி 3 நிமிஷத்துல இருந்து 4 ஆகுது, 33 சதவீதம். நம்ம தெருவுல டீ 12-ல இருந்து 15 ஆச்சே, அது 25. ரெண்டு ரவுண்டா ஏத்தியிருக்கலாம், ஒரே அடியா 3 ரூபா! சரி, விடுங்க.

அந்தப் படத்து பஸ்ஸுக்கு வருவோம். 1 மணி நேர டிக்கெட் 2 ஆகுது. ஹீரோவோட அம்மா கையில ஒன்றரை. நடந்தா 2 மணி நேரம், கிட்டத்தட்ட மதுரையில மாட்டுத்தாவணி டு காளவாசல். ஓடுது, மகன்கிட்ட வந்து விழுறப்ப நேரம் முடிஞ்சிருச்சு. டிரைவர் வில்லனா? அவருக்குச் சொன்ன ரேட்டை அவர் கேக்குறாரு. சிலர் சாகாம இருக்கணும்னா பலர் சாகணும், அதுக்குத்தான் விலை ஏறுதுன்னு படமே சொல்லிருது. நம்மூர் சாதா டவுன் பஸ்ல 2021-ல இருந்து பொம்பளைகளுக்கு டிக்கெட்டுக்குக் காசே கிடையாது. ஒரு உத்தரவுதான்! இங்க ஏறியிருந்தா அந்தம்மா உட்கார்ந்துக்கிட்டே வீடு போயிருக்கும்.

போன வீடியோல 'மெட்ரோபோலிஸ்' முடிவைத் திட்டுனதுக்குக் கோவப்பட்டவங்களே, இப்பவும் அதேதான். 1927 படம், முதலாளியும் ஃபோர்மேனும் கை குலுக்கிட்டாங்க, சரி. தொழிலாளியை வாட்டுன அந்த 10 மணி நேர ஷிப்ட் கடிகாரம் என்னாச்சு?

அடுத்த வாரம் 'ஸ்னோபியர்சர்' படத்துல திங்கக் குடுக்குற புரோட்டீன் கட்டி. சாப்பிட்டுட்டு வந்து பாருங்க, தட்டோட உட்காராதீங்க.