செமஸ்டர் முடிந்து ஊர் திரும்பும்போது பணம் எங்கே போகிறது? ஜெர்மனியில் படிக்கும் சேலம் மாணவர்களுக்கு

(திரையில்: ஐந்து ரோடு, மாலை நேரம். அப்புறம் ஒரு காலண்டர்.)

வணக்கம். ஒரு செமஸ்டர் படிக்க சேலத்திலிருந்து ஜெர்மனிக்குப் போயிருக்கும் பிள்ளைகளுக்காக இந்த வீடியோ. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையிலும் அம்மாப்பேட்டைத் தறியிலும் உழைத்து அவர்களுக்குப் பணம் அனுப்பும் அப்பா அம்மாக்களும் கூடவே உட்கார்ந்து பாருங்கள்.

சிக்கனம் என்றதும் எல்லோரும் சாப்பாட்டில்தான் கை வைக்கிறார்கள். மென்சாவில், அதாவது பல்கலைக்கழக கேன்டீனில் சாப்பிடுவது, ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் சமைத்து வைப்பது, 25 சென்ட் திரும்பக் கிடைக்கும் என்று காலி பாட்டிலைக் கடையில் கொடுப்பது எல்லாமே நல்ல பழக்கம்தான். ஆனால் அப்படிச் சேர்த்த பணம் கடைசி ஒரு மாதத்தில் மொத்தமாகக் கரைந்துவிடுகிறது. தேதி தெரியாததுதான் பெரும்பாலும் காரணம்.

(திரையில்: அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை ஒரு கோடு. பிப்ரவரி நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி.)

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் குளிர்கால செமஸ்டர் மார்ச் 31 வரை. ஆனால் வகுப்புகள் பிப்ரவரி நடுவிலேயே முடிந்துவிடும். கோடைக்கால செமஸ்டரும் அப்படித்தான்: செப்டம்பர் 30 வரை என்று காகிதத்தில் இருக்கும், வகுப்பு ஜூலை நடுவில் முடியும். உங்கள் பணம் போவது இந்த இடைவெளியில்தான்.

விடுதி ஒப்பந்தம் வழக்கமாக செமஸ்டரின் கடைசி நாள் வரை இருக்கும். பிப்ரவரி 20-ஆம் தேதி நீங்கள் ஊருக்கு வந்துவிட்டாலும் மார்ச் வாடகை கட்டியாக வேண்டும். வாடகை 350 யூரோ, ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆளில்லாத அறைக்கு 35,000 ரூபாய். இதைத் தவிர்க்க, விடுதி அலுவலகத்தில் அனுமதி வாங்கி அந்த ஒரு மாதத்துக்கு வேறொரு மாணவரை வைக்கலாம். ஜனவரியிலேயே கேட்டுவிடுங்கள். தனியார் வீட்டில் காலக்கெடு இல்லாத ஒப்பந்தம் என்றால் சட்டப்படி மூன்று மாத நோட்டீஸ் தர வேண்டும், அதுவும் அந்த மூன்றில் முதல் மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள். ஒரு நாள் தவறினால் கூடுதலாக ஒரு மாத வாடகை.

எந்தப் பாடத்துக்குப் பரீட்சை, எந்தப் பாடத்துக்குக் கட்டுரை என்று இப்போதே பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். கட்டுரைக்குக் கெடு மார்ச் கடைசி என்று போட்டிருந்தால், அதற்காக அங்கேயே தங்க வேண்டுமா என்று பேராசிரியரிடம் கேளுங்கள். பல பாடங்களில் ஊரிலிருந்தே அனுப்பலாம். அஸ்தம்பட்டி வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதினால் வாடகையும் இல்லை, அம்மா சமையலும் கிடைக்கும். பரீட்சைத் தேதி வெளிவரும் முன்னால் விமான டிக்கெட்டை மட்டும் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாகப் பாருங்கள்.

(திரையில்: ஒரு வீட்டுச் சாவி, ஒரு பேனா, ஒரு படிவம்.)

அடுத்தது அட்வான்ஸ். அதிகபட்சம் மூன்று மாத அடிப்படை வாடகை (ஹீட்டிங், தண்ணீர்ச் செலவு சேராதது) வரை வீட்டுக்காரர் வாங்கியிருக்கலாம், அதாவது கணிசமான தொகை. சாவி கொடுக்கும் நாளில் வீட்டுக்காரரோ விடுதிப் பொறுப்பாளரோ கூடவே நின்று அறையைப் பார்க்க வேண்டும், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுங்கள். அடுப்பையும் ஃப்ரிட்ஜையும் நன்றாகத் துடையுங்கள், அழுக்கு இருந்தால் சுத்தம் செய்யும் கூலியை அட்வான்ஸில் கழிப்பார்கள். பணம் கைக்கு வரப் பல மாதங்கள் ஆகலாம். அதுவரை ஜெர்மன் வங்கிக் கணக்கை மூட வேண்டாம்.

பிளாக்டு அக்கவுண்டில், அதாவது விசாவுக்காக முன்கூட்டிப் பணம் போட்டு மாதாமாதம் எடுக்கும் கணக்கில், மிச்சம் இருந்தாலும் இதே கவனம் தேவை. அதை முன்கூட்டி மூட வெளிநாட்டவர் அலுவலகத்தின் ஒப்புதல் கடிதம் கேட்பார்கள். அங்கே அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்காது, அதனால் முதலிலேயே எழுதிப் போடுங்கள்.

ஊரைவிட்டுப் போவதாக நகராட்சி அலுவலகத்தில் பதிவு செய்வதை அப்மெல்டுங் என்பார்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து செய்யலாம், போன பிறகு இரண்டு வாரம் வரை அவகாசம் உண்டு. அந்தச் சான்றிதழைக் கையில் வாங்காமல் வராதீர்கள், தயவுசெய்து. ஹெல்த் இன்சூரன்ஸை நிறுத்தவும், டிவி, ரேடியோவுக்காக ஒவ்வொரு வீட்டிலும் வாங்கும் மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணத்தை நிறுத்தவும் அதைத்தான் கேட்பார்கள். நீங்களாகத் தெரிவிக்காவிட்டால், நீங்கள் சேலத்துக்கு வந்த பிறகும் பில் ஏறிக்கொண்டே இருக்கும். டாய்ச்லான்ட் டிக்கெட்டை (நாடு முழுவதும் உள்ளூர் ரயில், பஸ்ஸுக்கான மாதாந்திர பாஸ்) தனியாக வாங்கியிருந்தால், அந்த மாதத்தோடு நிறுத்த 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். போன், ஜிம் ஒப்பந்தங்களையும் பார்த்துவிடுங்கள்.

பெட்டி விஷயம் சுருக்கமாக. கனமான குளிர் ஜாக்கெட் சேலத்தில் உதவாது. டிசம்பர் ஏற்காட்டுக்கே ஒரு ஸ்வெட்டர் போதும். ஜாக்கெட், ரைஸ் குக்கர், சைக்கிள் எல்லாவற்றையும் அங்கே அடுத்து வரும் மாணவர்களுக்குப் பாதி விலைக்குக் கொடுங்கள், அவர்களும் நம் பிள்ளைகள்தான். டிக்கெட் விலை பார்க்கும்போது சென்னை, பெங்களூரு இரண்டையும் பாருங்கள். பெங்களூரு நமக்குக் கிட்டதான். ஆனால் விமான நிலையம் ஊருக்கு வடக்கே, சேலம் சாலை தெற்கே. நள்ளிரவில் இறங்கினால் டாக்சி செலவு கூடும். பகலில் இறங்கும் விமானம் என்றால் வாயு வஜ்ரா என்ற விமான நிலைய பஸ்ஸில் எலக்ட்ரானிக் சிட்டி வந்து, ஓசூர் வழியாகச் சேலம் பஸ் பிடிக்கலாம்.

(திரையில்: மின்னஞ்சல் பெட்டி.)

மதிப்பெண் பட்டியல் நீங்கள் வந்து பல வாரம் கழித்துத்தான் வரும். அது இல்லாமல் இங்கே உங்கள் கல்லூரியில் கிரெடிட் ஏறாது. பல்கலைக்கழகம் கொடுத்த மின்னஞ்சல், உங்கள் மாணவர் பதிவு முடிந்ததும் மூடப்படலாம். ஆகவே கிளம்புவதற்கு முன் சர்வதேச அலுவலகத்துக்குப் போய், உங்கள் சொந்த மின்னஞ்சலையும் சேலம் முகவரியையும் எழுதிக் கொடுங்கள். பாடம் ஏதாவது மாற்றியிருந்தால், இரண்டு கல்லூரிகளும் கையெழுத்திட்ட பாட ஒப்பந்தத்தின் நகலையும் அன்றே வாங்கிக்கொள்ளுங்கள்.