படுகை என்றால் ஆறு வந்து படுக்கும்

(கொடைக்கானல் மலையில், பண்ணைக்காட்டில் நூலக வார விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைக்கு வணக்கம். காப்பிப் பழம் பறிக்கிற நாளில் வேலையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். சுருக்கமாகப் பேசுகிறேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை.

மலைமேல் இருக்கிறவர்களிடம் காவிரி கடலைத் தொடுகிற கடைமடையின் வெள்ளத்தைப் பற்றிப் பேச ஒருவன் வந்திருக்கிறானே, இவனுக்கு வேறு ஊர் கிடைக்கவில்லையா என்று தோன்றும். கஜா புயலை நினைத்துப் பாருங்கள். 2018 நவம்பர் 16, இதே நூலக வாரம். அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய புயல் அன்றைக்கே நம் மலைக்கும் வந்துவிட்டது. அங்கே தென்னை சாய்ந்தது, இங்கே நிழல்மரம் சாய்ந்து பாதை அடைபட்டது. தண்ணீருக்கோ எதிர்ப்பக்கப் பயணம். நம் வடசரிவில் பெய்கிற மழை சண்முகநதி, குதிரையாறு என்று இறங்கி, அமராவதியில் கலந்து, கரூர் பக்கம் திருமுக்கூடலூரில் காவிரியோடு சேர்கிறது. புயல் அங்கிருந்து ஏறி வருகிறது, தண்ணீர் இங்கிருந்து இறங்கிப் போகிறது. கொள்வினை கொடுப்பினை உள்ள சம்பந்திகள் நாம்.

கஜாவுக்குச் சில வருஷம் கழித்து, அந்தக் கடைமடையில் தலைஞாயிறு பக்கம் ஒரு கிராமத்துக்கு என்னைக் கலைநிகழ்ச்சி பார்க்கக் கூப்பிட்டார்கள். தயங்கித்தான் போனேன். விழிப்புணர்வு நாடகம் பார்த்துப் பார்த்துச் சலித்தவன் நான். ஒருவர் பூமிப்பந்து வேடம் கட்டிக்கொண்டு காய்ச்சலில் முனகுவார். ஒரு பிள்ளை மரக்கன்றோடு ஓடிவரும். கைதட்டிவிட்டுப் பொட்டலச் சாதம் வாங்கிக்கொண்டு கலைவோம்.

போனால், கோயில் வாசலில் பெண்கள் குனிந்து அரிசிமாவால் என்னவோ இழுத்துக்கொண்டிருந்தார்கள். கோலமென்று நினைத்தேன். புள்ளியும் இல்லை, சிக்கும் இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தால், அவர்கள் ஊர்! ஆறு, வாய்க்கால், வடிகால், மதகு, சுடுகாடு எல்லாம் இருந்தன. வெள்ளம் எந்தத் தெரு மட்டும் வந்தது என்று காவியில் ஒரு கோடு. ஓர் அம்மா அந்தக் கோட்டை அழித்து இரண்டு விரற்கடை தள்ளிப் போட்டார். “என் வீட்டுத் திண்ணை நனைஞ்சுது, நீ காய வச்சிருக்கியேடி” என்று பக்கத்திலிருந்தவரோடு சண்டை. அரைமணி நேரம் அந்தத் திண்ணைக்கு வழக்கு நடந்தது. நனைந்ததுதான் என்று கடைசியில் தீர்ப்பாயிற்று.

ராத்திரி கும்மி. அடிக்கு ஒரு வடிகாலின் பேர். அது எங்கே பிரிகிறது, எங்கே வெங்காயத்தாமரை மூடியிருக்கிறது, எங்கே நெய்வேலிக் காட்டாமணக்கு அடைத்திருக்கிறது, அதன் தலைமேல் இப்போது என்ன கட்டடம் நிற்கிறது, எல்லாம் பாட்டில் வரும். வரிசை தப்பினால் ஒரு பாட்டி கைதட்டை நிறுத்திவிடுவார். மறுபடி முதலிலிருந்து பாட வேண்டும். முன்வரிசை நாற்காலியில் இருந்த ஒருவருக்கு எட்டாவது வடிகாலில் கைபேசி அழைப்பு வந்து எழுந்து போனார். மணி அடித்தது எங்கள் யார் காதிலும் விழவில்லை.

அழுகைப் பாட்டை எதிர்பார்த்துப் போன எனக்குக் கணக்குப் பாட்டு கிடைத்தது. யோசித்தால், நம்மிடம் இது பழைய வழக்கம்தான். சென்னைக் குஜிலிக் கடைகளில் சில்லறைக் காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களில் கொலைச் சிந்து இருந்த மாதிரியே புயலுக்கும் வெள்ளத்துக்கும் சிந்து இருந்தது. பத்திரிகை எட்டாத திண்ணைக்கு அதுதான் பத்திரிகை.

அந்த ஊர் வெள்ளத்தை நாம் புரிந்துகொள்வது கொஞ்சம் கஷ்டம். நம் ஓடை சத்தம் போட்டுக்கொண்டு வரும், வந்த வேகத்தில் போய்விடும். அங்கே தண்ணீர் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துவிடும். தரை அவ்வளவு சமம். அடப்பாறும் அரிச்சந்திரா நதியும் கடலுக்குப் போக யோசித்து யோசித்துத்தான் நகர்கின்றன. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏறி நிற்கும். அந்த நேரம் பார்த்து மழை கொட்டினால் வடிகிற வழியில் கடலே குறுக்கே நிற்கும், உப்புத்தண்ணீர் உள்ளே ஏறும். ஆகவே அங்கே விவசாயி மழையைப் பார்த்துவிட்டுப் பஞ்சாங்கத்தையும் பார்க்கிறார். கடல் மட்டமோ உயர்ந்துகொண்டே போகிறது. காற்றின் சூடு ஒரு டிகிரி கூடினால் அது சுமக்கக்கூடிய ஈரம் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுகிறது, அதனால் கொட்டுகிற மழையும் ஒரேயடியாகக் கொட்டுகிறது. சம்பாப் பயிர் தலைமுழுக எத்தனை நாள் மூச்சடக்கும்?

அதற்கும் நெல் வைத்திருந்தார்கள். மடுமுழுங்கி என்று ஒரு ரகம், வெள்ளம் தாங்குவது. மடுவையே முழுங்குகிறதாம்! உள்ளே புகுந்த யானை வெளியே தெரியாத உயரத்துக்கு வளர்வது காட்டுயானம். இந்தப் பேர்களை வைத்தவர் எந்தக் கல்லூரியிலும் படித்தவரல்ல, ஆனால் குணத்தைப் பேருக்குள்ளேயே போட்டு வைத்துவிட்டார். ஊருக்கும் அப்படித்தான். படுகை என்றால் ஆறு வந்து படுக்கிற இடம். திடல் என்றால் மேடு, தண்ணீர் வந்தால் மாட்டை ஓட்டிக்கொண்டு போய் நிற்கிற இடம். படுகைக்கு ஏதோ நகர் என்று புதுப்பேர் வைத்து மனை விற்றால், வாங்குகிறவருக்கு அது ஆற்றின் படுக்கை என்று எப்படித் தெரியும்? அந்தப் பாட்டி வரிசை தப்பியதற்குக் கும்மியை நிறுத்தினாரே, எனக்கு அப்போது அது கொஞ்சம் கண்டிப்பாகப் பட்டது. இப்போது படவில்லை.

நம் மலைக்கு வருகிறேன். பெரும்பள்ளம், சின்னப்பள்ளம், வத்தலக்குண்டு பாதையில் ஊத்து. பேரிலேயே தண்ணீர் நிற்கிறது. வரைபடத்தில் ஏறாத சின்ன ஓடைகளுக்கும் பேர் இருந்திருக்க வேண்டும், விறகுக்கும் மாட்டுக்கும் போனவர்கள் பேர் வைக்காமல் விட்டிருக்க மாட்டார்கள். மண் சரிகிறபோது அந்த வழியில்தான் சரிகிறது. நான் இங்கே கேட்டவரையில் இளைஞர்கள் ‘அந்த ஓடை’, ‘இந்த ஓடை’ என்கிறார்கள். குற்றம் சொல்லவில்லை, எனக்கு என் ஊர் வாய்க்காலில் நாலின் பேர்தான் தெரியும்.

தேநீர் வந்துவிட்டது என்று பின்னாலிருந்து கை காட்டுகிறார்கள். வெளி முற்றத்தைக் கழுவிவிட்டிருக்கிறோம், இரண்டு படி அரிசிமாவும் கொஞ்சம் காவியும் இருக்கின்றன. எழுபது வயதுக்கு மேற்பட்ட பாட்டிமார் முதலில் வாருங்கள். பெரியவர்களும் வரலாம், ஆனால் திண்ணை வழக்கு வந்தால் தீர்ப்பு பாட்டிமாருடையது.