பழைய ஆளுக்காகக் காத்திருக்க வேண்டாம்

(வெள்ளவத்தையில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். தலையில் அடிபட்டவரைப் பார்க்க வருகிறவர்கள் அநேகமாக ஒன்றைத்தான் சொல்லிவிட்டுப் போவார்கள்: "கவலைப்படாதேங்கோ, பழையபடி வந்திடுவார்." அன்பில் சொல்வதுதான். ஆனால் என் மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பிறகு வீடே அந்தப் பழைய ஆளுக்காகக் காத்திருந்ததில், கதிரையில் இருக்கிற என்னோடு பேச ஆளில்லாமல் போனது.

தேத்தண்ணி போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். கேத்தில், தேயிலை, சீனி எல்லாம் எனக்குத் தெரியும், எதற்குப் பிறகு எது என்பதுதான் பிடிபடாது. ஒரு வேலையைத் தொடங்குவதும் வரிசைப்படுத்துவதும் நெற்றிக்குப் பின்னால் இருக்கிற முன்மூளையின் பொறுப்பு, எனக்கு அடிபட்டது அங்கேதான். சிகிச்சை தந்தவர் படிகளை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார். ஒவ்வொரு நாளும் அதே இடம், அதே கோப்பை, பிழை விடுவதற்கு முன்பே தாளைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஞாபகம் பாதிக்கப்பட்டவருக்கு ஒருமுறை விட்ட பிழையே பழக்கமாகப் படிந்துவிடக்கூடும். இப்போது தாள் இல்லாமலே போடுகிறேன், நல்ல சாயமாக.

அப்புறம் களைப்பு. காலி வீதியில் பஸ் ஹோர்ன், கடைப் பாட்டு, பக்கத்தில் வருகிறவரின் பேச்சு, இதில் எது தேவை என்று நல்ல மூளை தானாகவே பிரித்துவிடும். என்னுடையது எல்லாவற்றையும் உள்ளே விடுகிறது. அதனால் வீட்டுக்கு வந்ததும் படுத்துவிடுகிறேன், அதைச் சோம்பல் என்கிறார்கள். காயம் வெளியில் தெரியாததால் வருகிற பேச்சு, ஆனால் நோகும்.

1848இல் அமெரிக்காவில் பினியாஸ் கேஜ் என்ற ரயில்பாதைத் தொழிலாளியின் கன்னத்தில் ஓர் இரும்புக் கம்பி புகுந்து உச்சந்தலையால் வெளியேறியது. அவர் குணமே மாறிப்போன கதையைத்தான் எல்லாரும் சொல்வார்கள். அவர் பிறகு சிலி நாட்டுக்குப் போய்ப் பல வருடங்கள் குதிரை வண்டி ஓட்டியதை யாரும் சொல்வதில்லை. ஒழுங்கான அந்த வேலையே அவரை நிமிர்த்தியிருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கு அந்தப் பாதிக் கதைதான் வேண்டியிருந்தது.

நான் உயர்தர மாணவர்களுக்குக் கணிதம் படிப்பித்தவன். நிறைந்த வகுப்பு இனி முடியாது. காலையில், சத்தமில்லாத அறையில், ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க முடிகிறது. அந்தப் பிள்ளைக்கும் நான் "சேர்" தான்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எங்களைப் போன்றவர்களைப் பார்க்க வந்தால், மனைவியைப் பார்த்து "இவர் இப்ப சாப்பிடுறாரோ?" என்று கேட்காமல் எங்களையே கேளுங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரமாகும், அதுவரை இருங்கள்.